குறுக்கில் சொடக்கு விழுவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் பிசியோதெரபி பார்க்கிறேன். குறுக்குவலி, அதாவது கீழ்முதுகில் வலி என்று வருகிறவர்களில் பலர் வலியைப் பற்றி இரண்டு வரி சொன்னால் சத்தத்தைப் பற்றி இருபது வரி சொல்வார்கள். "சோம்பல் முறிச்சா மளுக்குன்னு கேக்கு, எலும்பு விலகிருச்சோ?" என்பார் ஒருவர். "ரெண்டு தடவை நெட்டி முறிச்சாத்தான் சோலி ஓடுது" என்பார் அடுத்தவர். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களும் சரி, நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பையன்களும் சரி, கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் கேள்வி எதுவோ அதற்கு நேராகப் போய்ப் படித்துக்கொள்ளலாம்.

சத்தம் சரியாக எங்கிருந்து வருகிறது?

குறுக்கில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. முன்பக்கம் இரண்டு எலும்புக்கு நடுவே டிஸ்க் இருக்கிறது. நம் ஊரில் ஜவ்வு என்பார்கள். சத்தம் கேட்டதும் எல்லோரும் சந்தேகப்படுவது அதைத்தான். ஆனால் சாதாரணமாகச் சத்தம் போடுவது பின்பக்கம் இருக்கும் சின்ன மூட்டுகள். மேல் எலும்பும் கீழ் எலும்பும் பின்னால் இடதுபக்கம் ஒன்று, வலதுபக்கம் ஒன்று என இரண்டு இடத்தில் தொட்டுக்கொள்கின்றன. ஃபேசட் மூட்டு என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். ஐந்தாவது எலும்பு இடுப்பு எலும்புக்கூட்டோடு சேரும் இடத்தையும் கணக்கில் எடுத்தால் குறுக்கில் மட்டும் பத்து மூட்டு.

விரல் மூட்டு எந்த வகையோ இதுவும் அதே வகை. எலும்பு முனையில் வழவழப்பான குருத்தெலும்பு, சுற்றிலும் ஒரு பை, பைக்குள் கொஞ்சம் வழுவழுப்பான நீர். அதனால்தான் விரலில் சொடக்கு விழுகிற மாதிரியே குறுக்கிலும் விழுகிறது.

எலும்பும் எலும்பும் மோதுகிற சத்தமா அது?

இல்லை. அந்த மூட்டு நீரில் வாயு கரைந்திருக்கிறது. பெரும்பங்கு கார்பன் டை ஆக்சைடு. உடம்பை வளைத்து முறிக்கும்போது ஒட்டியிருந்த இரண்டு எலும்புப் பரப்பும் கொஞ்சம் விலகுகின்றன. கொஞ்சம் என்றால் மில்லிமீட்டர் கணக்குதான். பைக்குள் இடம் திடீரென்று கூடியதும் உள்ளே அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. கோலி சோடாவின் கோலியை உள்ளே தள்ளினால் அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த வாயு எப்படிக் குமிழாகக் கிளம்புகிறதோ, அப்படி மூட்டுக்குள்ளும் ஒரு குமிழ் உண்டாகிறது.

இதுவரைக்கும் சண்டை இல்லை. சத்தம் குமிழ் உண்டாகும்போது வருகிறதா, உடையும்போது வருகிறதா என்பதில்தான் விஞ்ஞானிகள் எழுபது வருஷமாக மல்லுக்கட்டுகிறார்கள். 1947இல் லண்டனில் ரோஸ்டன், ஹெயின்ஸ் என்ற இருவர் விரலை இழுத்து இழுத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, குமிழ் உண்டாகும்போதுதான் சத்தம் என்றார்கள். 1971இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் அப்படியில்லை, குமிழ் நொறுங்குவதுதான் சத்தம் என்றார்கள். ரொம்பக் காலம் பாடப்புத்தகங்களில் இந்த இரண்டாவது விளக்கம்தான் இருந்தது. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒருவரின் விரலை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து இழுத்துப் படம் பிடித்தார்கள். ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாத நேரத்தில் மூட்டுக்குள் வெற்றிடம் திறப்பது தெரிந்தது. சத்தம் வந்த பிறகும் அந்தக் குமிழ் அப்படியே இருந்தது. உடையவில்லை. சரி, 1947காரர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று பார்த்தால், 2018இல் கணக்குப் போட்டுப் பார்த்த இரண்டு பேர், குமிழ் முழுசாக உடைய வேண்டியதில்லை, பாதி சுருங்கினாலே அந்தச் சத்தம் வரும் என்று காட்டினார்கள்.

இந்த ஆய்வெல்லாம் விரலில் நடந்தது. முதுகு மூட்டு ஆழத்தில் இருக்கிறது, அவ்வளவு சுலபமாகப் படம் பிடிக்க முடியாது. மூட்டின் வகை ஒன்றுதான் என்பதால் விளக்கத்தையும் முதுகுக்குப் பொருத்திச் சொல்கிறோம். யார் பக்கம் ஜெயித்தாலும் உங்களுக்கும் எனக்கும் தேவையான செய்தி மாறாது: சத்தம் நீரிலும் வாயுவிலும் பிறக்கிறது, எலும்பு உடைவதால் அல்ல.

அப்போ வாய்வுதானே! ஆச்சி சொன்னது சரிதானே?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. வாயு என்று நானே சொல்லிவிட்டேன், இனி என்னை விடமாட்டார்கள்.

மூட்டில் இருக்கும் வாயு வேறு, வயிற்றில் இருக்கும் வாய்வு வேறு. மொச்சையும் உருளைக்கிழங்கும் தின்றால் பெருங்குடலில் இருக்கும் கிருமிகள் அதைப் புளிக்க வைத்து வாயு உண்டாக்கும். அந்த வாயு வாய் வழியாகவோ கீழ் வழியாகவோ வெளியே போகும். கொஞ்சம் ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளியேறும். குடலிலிருந்து கிளம்பி முதுகுக்கு வந்து மூட்டில் உட்கார்ந்துகொள்ள அதற்கு வழி கிடையாது. மூட்டு நீரில் கரைந்திருக்கும் வாயு, உங்கள் தசையும் மற்ற திசுக்களும் மூச்சு நடக்கும் காலமெல்லாம் உண்டாக்கிக்கொண்டே இருக்கும் வாயு. நீங்கள் மூணு நாள் பட்டினி கிடந்தாலும் அது இருக்கும்.

அப்படியானால் பருப்பு வடை நாலு தின்ற அன்றைக்கு முதுகு பிடித்துக்கொள்கிற மாதிரி இருப்பது ஏன்? வயிறு உப்பினால் அந்த இறுக்கம் முதுகுப் பக்கமும் தெரியும். அது வயிற்று உபத்திரவம். பெருங்காயம், சுக்குத் தண்ணீர் எது வேண்டுமானாலும் குடியுங்கள், வயிறு லேசாகும். மூட்டில் சொடக்கு விழுவது நிற்காது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் நகர முடியாது. நெஞ்சில், தோள்பட்டைக்கு நடுவில், இடது கையில் வலி, அதோடு குப்பென்று வியர்வை, மூச்சு முட்டல் என்றால் அதையும் நம் ஊரில் வாய்வுப் பிடிப்பு என்று சொல்லி, முதுகைத் தட்டிவிட்டு, சோடா வாங்கிக் கொடுத்து, ஒரு மணி நேரத்தை வீணாக்குகிறார்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். வயது ஐம்பதோ முப்பதோ, நேராக ஆஸ்பத்திரி. வாய்வு என்று டாக்டர் சொல்லட்டும், பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொல்ல வேண்டாம்.

ஒருதடவை சத்தம் வந்துவிட்டால் உடனே மறுபடி வரமாட்டேன் என்கிறதே?

குமிழாக வெளியே வந்த வாயு மறுபடி நீரில் கரைய நேரம் எடுக்கும். விரல் மூட்டில் ஏறக்குறைய 20 நிமிஷம். அதுவரை அந்த மூட்டை எவ்வளவு முறித்தாலும் சத்தம் வராது. குறுக்கில் ஒரே முறியலில் 'மடமட'வென்று நாலைந்து கேட்கிறதே என்றால், பத்து மூட்டு இருக்கிறது, அவற்றில் நாலைந்து ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கின்றன.

எனக்கு இருபது நிமிஷமெல்லாம் இல்லை. ஒவ்வொரு தடவை காலைத் தூக்கி இறக்கும்போதும் 'டக் டக்' என்கிறதே?

அது குமிழ் இல்லை. தசைநாரோ தசைநாண் பட்டையோ எலும்பு மேட்டின் மேல் ஏறி வழுக்கி இறங்கும் சத்தம். இடுப்பின் முன்பக்கத்திலும் வெளிப்பக்கத்திலும் இது சகஜம். பல பேர் இதைக் குறுக்கில் கேட்பதாக நினைத்துக்கொள்வார்கள். கையை வைத்துப் பார்த்தால் தோலுக்கு அடியில் ஏதோ துள்ளுவது தெரியும். வலி இல்லையென்றால் இதற்கும் ஒன்றும் செய்ய வேண்டாம்.

இன்னொரு வகை, மணலை உள்ளங்கையில் தேய்த்தால் வரும் 'நறநற'. குருத்தெலும்பின் வழவழப்பு குறைந்த மூட்டில் வரும். வயதானவர்களின் முழங்காலில் அதிகம், முதுகில் குறைவு. இதுவும் வயதின் கோலம்தான். வலியோ வீக்கமோ கூட வந்தால் மட்டும் காட்டுங்கள்.

காலையில் எழுந்ததும், நெடுநேரம் உட்கார்ந்து எழுந்ததும் மட்டும் ஏன் வருகிறது?

ஒரே நிலையில் வெகுநேரம் இருந்தால் முதுகுத் தசை இறுகும், மூட்டுப் பரப்புகள் நெருங்கி உட்கார்ந்துகொள்ளும். அதன்பின் முதல்தடவை பெரிதாக அசைக்கும்போது விலகல் சட்டென்று நடக்கிறது.

பீடி சுற்றுகிறவர்களைப் பாருங்கள். சுளகை மடியில் வைத்து, சுவரில் சாயாமல், தலையும் முதுகும் முன்னால் கவிழ்ந்து, ஆயிரம் பீடி கணக்கு முடிகிற வரை அதே இருப்பு. பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறவர்களும் அப்படித்தான். பிசான நடவுக்கு வயலில் இறங்குகிறவர்கள் உட்காரவும் இல்லை, நிமிரவும் இல்லை. தென்காசியிலிருந்து தினமும் பைக்கில் திருநெல்வேலி வந்துபோகிறவர்கள் இன்னொரு கூட்டம். இத்தனை பேரும் வேலை முடிந்து கையை இடுப்பில் ஊன்றிப் பின்னால் வளைந்தால் சத்தம் வராமல் என்ன செய்யும்?

பக்கவாட்டில் திரும்பினால் சத்தம் கூடுதலாக வருவதற்கு மூட்டின் அமைப்பே காரணம். குறுக்கில் இருக்கும் ஃபேசட் மூட்டுகள் முன்னால் குனியவும் பின்னால் சாயவும் வசதியாக அமைந்தவை. திரும்புவதற்கு அவ்வளவாக விடாது. ஒரு மட்டத்துக்கு ஒன்றிரண்டு டிகிரிதான். அதற்கு மேல் திருப்பினால் ஒருபக்க மூட்டு அழுந்தும், மறுபக்க மூட்டு வாய் திறக்கும். திறக்கிற பக்கம்தான் 'மளுக்'. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு முறுக்குகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

மூட்டில் எண்ணெய்ப்பசை வற்றிவிட்டதால் சத்தம் வருகிறது என்கிறார்களே?

நேர்மாறு. நீர் இருந்தால்தான் வாயு கரைந்திருக்கும், வாயு இருந்தால்தான் குமிழ், குமிழ் இருந்தால்தான் சொடக்கு. மூட்டு இறுகி அசைவு குறைந்தவர்களுக்கு இந்தச் சத்தம் குறைந்துதான் போகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் விரல் பத்திலும் சொடக்கு எடுப்பார்கள், அவர்களுக்கா பசை வற்றிவிட்டது? பசை ஊறுவதற்கு என்று சொல்லி விற்கும் பொடிக்கும் டானிக்குக்கும் காசு கொடுக்கும் முன்னால் இதை யோசித்துப் பாருங்கள்.

கால்சியம் மாத்திரை போட்டால் சத்தம் நிற்குமா?

நிற்காது. எலும்புக்குக் கால்சியம் வேண்டும்தான். கேழ்வரகும் எள்ளும் பாலும் சாப்பிடுங்கள். சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சத்தம் வந்ததும் அப்பாடா என்று இருக்கிறதே. அது பொய்யா?

பொய்யில்லை. ஆனால் சுகத்தைத் தருவது சத்தம் அல்ல. மூட்டைச் சுற்றியுள்ள பையும் தசையும் சட்டென்று இழுபடும்போது அங்குள்ள நரம்பு முனைகள் தண்டுவடத்துக்குச் சேதி அனுப்புகின்றன. அதனால் இறுகியிருந்த தசை கொஞ்ச நேரம் தளர்கிறது, வலிச் சேதியும் கொஞ்சம் அமுங்குகிறது. இதோடு மனசும் சேர்ந்துகொள்கிறது. சத்தம் கேட்டால் 'சரியாயிற்று' என்று பழகிப்போன மூளை, சத்தம் கேட்டதுமே நிம்மதி கொள்கிறது. அதே அளவு முறித்து, சத்தமே வராவிட்டாலும் தசைக்குக் கிடைக்கும் பலன் கிட்டத்தட்ட அதேதான். நான் நோயாளியின் முதுகில் கை வைத்து வேலை செய்யும்போது சத்தம் வராமல் போனால் சிலர் முகம் வாடிவிடும். காசு கொடுத்ததற்குச் சத்தமாவது வேண்டாமா என்ற ஆதங்கம்!

அந்தச் சுகம் நிலைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அரை மணி, ஒரு மணி நேரம். அதற்குள் நீங்கள் பழையபடி கவிழ்ந்து உட்கார்ந்துவிட்டால் தசையும் பழையபடி இறுகும்.

அடிக்கடி முறித்தால் மூட்டுத் தேய்ந்து ஆர்த்ரைட்டிஸ் வருமா?

அமெரிக்காவில் டொனால்ட் உங்கர் என்று ஒரு டாக்டர். சின்ன வயதில் அவருடைய அம்மாவும் அத்தை சித்திமாரும் "சொடக்கு எடுக்காதே, மூட்டுவாதம் வரும்" என்று திட்டினார்களாம். மனிதர் ஐம்பது வருஷம் இடது கையில் மட்டும் தினம் இரண்டு தடவையாவது சொடக்கு எடுத்தார், வலது கையைச் சும்மா விட்டார். கடைசியில் இரண்டு கையிலும் ஆர்த்ரைட்டிஸ் இல்லை. இதை 1998இல் ஒரு மருத்துவ இதழுக்கு எழுதினார். 2009இல் சிரிப்பும் சிந்தனையுமாகக் கொடுக்கப்படும் இக் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஒரே ஆளை வைத்துச் சொல்வது ஆய்வாகாது என்று நீங்கள் கேட்டால் நியாயம். 2011இல் வந்த ஆய்வில் 215 பேரின் கை எக்ஸ்ரேயைப் பார்த்தார்கள். சொடக்கு எடுக்கிறவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் கை மூட்டுத் தேய்மானத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

முதுகில் தானாக, இயல்பாக முறிக்கும்போது வரும் சத்தத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது பலத்தைப் போட்டு முறுக்குவதற்கு. சத்தம் வராவிட்டால் விடமாட்டேன் என்று நாற்காலியோடு மல்லுக்கு நிற்பவர்கள் ஏற்கனவே தளர்ந்திருக்கும் மூட்டை இன்னும் தளர்த்துகிறார்கள். இறுகியிருக்கும் மூட்டு அப்படியே இருக்கிறது. பெரும்பாலும் சுலபமாக அசையும் மூட்டுதான் முதலில் திறக்கும்.

ஒரு மணிக்கு ஒருதடவை முறிக்காமல் இருக்க முடியவில்லை. என்ன செய்வது?

உடம்பு அசைவு கேட்கிறது, நீங்கள் சத்தம் கொடுத்து அனுப்புகிறீர்கள். எழுந்து பத்து அடி நடங்கள், தண்ணீர்ப் பானை வரைக்கும் போய்விட்டு வாருங்கள். ஒரு மாதம் இப்படிச் செய்து பார்த்தால் முறிக்கத் தோன்றுவதே குறையும்.

வீட்டில் பிள்ளையை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்கிறோம். காலால் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு போகும் என்றும் சொல்கிறார்களே?

மூன்று நாலு வயதுப் பிள்ளை, நல்ல ஆரோக்கியமான அப்பாவின் முதுகில் தவழ்ந்து மிதிப்பதில் பெரிய ஆபத்து இல்லை. தசை அழுந்துகிறது, சுகமாக இருக்கிறது, பிள்ளைக்கும் விளையாட்டு. ஏறுவது பத்து வயதுப் பையன், படுத்திருப்பது தாத்தா என்றால் வேண்டவே வேண்டாம். அறுபது தாண்டியவர்களுக்கு, அதிலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, எலும்பு உள்ளுக்குள் மெலிந்திருக்கலாம். இருமினாலே முள்ளெலும்பு நசுங்கிப் போனவர்கள் உண்டு.

காலால் பிறந்தவர் விஷயத்தில் அவர் எப்படிப் பிறந்தார் என்பது உங்கள் முதுகுக்குத் தெரியாது. சாதாரண மூச்சுப்பிடிப்பும் சுளுக்கும் பெரும்பாலும் சில நாளில் தானாகவே விடும். மூணாவது நாள் மிதித்தவருக்கு அந்தப் பெயர் கிடைத்துவிடுகிறது. உலக்கை உருட்டிச் சுளுக்கு எடுப்பதும் இதே கதைதான். இதமாக உருட்டினால் தசைக்கு நல்லது. முள்ளெலும்பின் மேல் நேராக உருட்டக் கூடாது.

சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கிறார்களே?

வேண்டாம். குறுக்கைப் பற்றி எழுத வந்த இடத்தில் கழுத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றால் அவ்வளவு முக்கியம். கழுத்து முள்ளெலும்புகளின் ஓட்டை வழியாகத்தான் மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக்குழாய் ஏறுகிறது. எதிர்பாராத நேரத்தில் வெடுக்கென்று திருப்பினால் அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் கட்டி, பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. தலையில் எண்ணெய் தேய்த்து விடச் சொல்லுங்கள், தோளை அமுக்கச் சொல்லுங்கள். கழுத்தில் கை வைத்ததும் "அது வேண்டாம் அண்ணாச்சி" என்று சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ரீல்ஸில் ஒருவர் ஆளைப் படுக்க வைத்து 'டமார்' என்று முறித்து, எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது என்கிறாரே?

அது கைரோபிராக்டிக் என்ற வைத்தியமுறை. 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கியது. எலும்பு இடம் மாறியிருக்கிறது, அதைத் திரும்ப வைத்தால் நோய் தீரும் என்பது அவருடைய கொள்கை. முள்ளெலும்பு அப்படிக் கழன்று கழன்று மாட்டுகிற பொருள் இல்லை. நிஜமாகவே இடம் விலகினால் நீங்கள் நடந்து வைத்தியரிடம் போக மாட்டீர்கள், தூக்கிக்கொண்டு போவார்கள்.

குறுக்குவலிக்குக் கைவைத்தியமாக முதுகை முறிப்பதில் சிலருக்குப் பலன் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ரீல்ஸில் சத்தம் கேட்பதற்காகவே முதுகருகில் மைக் வைக்கிறார்கள்! 2004இல் வந்த ஓர் ஆய்வில் அனுபவசாலிகளான கைரோபிராக்டர்கள் எந்த மட்டத்தைக் குறிவைத்தார்கள், சத்தம் எந்த மட்டத்தில் வந்தது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். குறுக்குப் பகுதியில் குறி பலித்தது சுமார் பாதித் தடவைதான். படித்துத் தேறியவர்களுக்கே அந்தக் கதி என்றால், வீடியோ பார்த்துவிட்டு நண்பனை ஹாஸ்டல் கட்டிலில் படுக்க வைத்து முறிக்கும் பையன்களைப் பற்றி என்ன சொல்ல?

வர்மம், தொக்கணம் (சித்த மருத்துவத்தில் உடம்பைப் பிடித்துவிடுவது), குற்றாலத்து அருவி எல்லாம்?

அரசு சித்த மருத்துவக் கல்லூரி நம் பாளையங்கோட்டையிலேயே 1964 முதல் இருக்கிறது. வர்மமும் தொக்கணமும் முறையாகப் படித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். தசை இறுக்கத்துக்கு எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவது இதமான வைத்தியம். படித்தவரிடம் போங்கள் என்பது மட்டும்தான் என் கோரிக்கை. பரம்பரை என்று சொல்லி, என்ன வலி என்றுகூடக் கேட்காமல் முழங்கையால் குத்துகிறவரிடம் போகாதீர்கள்.

குற்றாலத்தில் ஆனி, ஆடி சாரலில் உடம்பு பூரா எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் முதுகைக் கொடுப்பதைவிடச் சுகம் உண்டா என்ன! எனக்கும் ஆசைதான். தண்ணீர் தோளிலும் மேல்முதுகிலும் விழட்டும். குனிந்து நின்று குறுக்கில் வாங்க வேண்டாம். காலில் மரப்பு இருப்பவர்களும் எலும்பு மெலிந்தவர்களும் பேரருவியின் நடுவில் போய் நிற்க வேண்டாம். நான் பார்த்தவரையில் குற்றாலத்தில் முதுகைக் கெடுத்துக்கொண்டவர்கள் தண்ணீர் விழுந்து கெடுத்துக்கொண்டதில்லை, எண்ணெய்ப் பாறையில் வழுக்கி விழுந்துதான்.

கர்ப்பமாக இருக்கும்போது சத்தம் கூடுகிறதே?

பிரசவத்துக்குத் தயாராக இடுப்பு மூட்டுகளின் தசைநார்கள் ஹார்மோனால் தளர்கின்றன. எடையும் முன்னால் இழுக்கிறது. சத்தம் கூடுவது இயல்பு. முறுக்கி முறிக்க வேண்டாம். படுக்கையிலிருந்து எழும்போது ஒருக்களித்து, கையை ஊன்றி எழுந்திருங்கள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா?

சத்தத்துக்கு மட்டும் என்றால் வேண்டாம். எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். ரிப்போர்ட்டில் 'டிஸ்க் தேய்மானம்' என்று இருக்கும். அன்றைக்கு ராத்திரியிலிருந்து வலிக்க ஆரம்பிக்கும். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. வலி இல்லாதவர்களுக்கு! தலைமுடி நரைப்பதற்கு நாம் ஸ்கேன் எடுப்பதில்லையே.

அப்படியானால் எப்போதுதான் பயப்பட வேண்டும்?

சத்தத்தை விட்டுவிட்டு அதோடு என்ன வருகிறது என்று பாருங்கள். பாரம் தூக்கும்போதோ வழுக்கி விழும்போதோ 'மளுக்' என்று கேட்டு அந்த நிமிஷமே நிமிர முடியாத வலி வந்தால் காட்ட வேண்டும். வலி பிட்டத்திலிருந்து காலின் கீழே பாதம் வரை இறங்கினால், கால் மரத்தால், செருப்பு தானாகக் கழன்று விழுகிற அளவுக்குப் பாதத்தில் பலம் குறைந்தால் தாமதிக்க வேண்டாம்.

ராத்திரி படுத்தாலும் விடாத வலி, சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவை சேர்ந்தால் முதுகெலும்பில் காசநோயா என்று பார்க்க வேண்டும். காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை, நம் நாட்டில் முதுகெலும்பிலும் வருகிறது, மாத்திரையில் குணமாகிறது. முன்பு புற்றுநோய் வந்தவர்களும், வெகுநாளாக ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களும் புது முதுகுவலியை அலட்சியம் செய்யக் கூடாது.

எல்லாவற்றிலும் அவசரம் இது: சிறுநீர் வரவில்லை, அல்லது அடக்க முடியவில்லை, மலம் தெரியாமல் போகிறது, சைக்கிள் சீட்டில் படும் இடமெல்லாம் மரத்துப்போயிருக்கிறது. கூச்சப்பட்டுக்கொண்டு விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். நரம்புக்கொத்து நசுங்குகிறது என்று அர்த்தம். சில மணி நேரத் தாமதம்கூட ஆயுசுக்கும் குழாயோடு இருக்க வைத்துவிடும். 108ஐக் கூப்பிடுங்கள்.

வலியில்லை, சத்தம் மட்டும்தான். ஏதாவது பயிற்சி சொல்லுங்களேன்?

சத்தத்துக்காக இல்லை, முதுகுக்காகச் சொல்கிறேன். காலையில் பாயை விட்டு எழுமுன் மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மார்புக்கு இழுத்து ஐந்து மூச்சு வரை பிடியுங்கள். பிறகு அடுத்த கால். அப்புறம் இரண்டு முழங்காலையும் மடக்கி, தோள் தரையை விட்டு எழும்பாமல், மெதுவாக இடமும் வலமும் சாயுங்கள். கையும் முழங்காலும் ஊன்றி, பூனை மாதிரி முதுகை மேலே வளைத்துக் கீழே இறக்குவதும் நல்லது. பத்துத் தடவை போதும். இடையில் சொடக்கு விழுந்தால் விழட்டும், விழாவிட்டால் தேட வேண்டாம்.

இவை எல்லாம் தளர்த்துகிற பயிற்சிகள். முதுகு தாங்க வேண்டுமானால் பலமும் வேண்டும். மல்லாந்து முழங்காலை மடக்கிப் படுத்து இடுப்பைத் தூக்கி இறக்குவதில் ஆரம்பியுங்கள். தினம் அரை மணி நடை சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. பீடி சுற்றுகிறவர்கள் ஒரு கட்டு முடிந்ததும் எழுந்து நின்று, கையை இடுப்பில் வைத்து இரண்டு தடவை பின்னால் சாய்ந்துவிட்டு உட்காருங்கள். முதுகுக்குச் சுவரும், பிட்டத்துக்கு அடியில் மடித்த சாக்கும் இருந்தால் இன்னும் நல்லது.

எங்கே போய்க் காட்டுவது?

மேலே சொன்ன அபாய அறிகுறி எதுவும் இருந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசுப் பெரிய ஆஸ்பத்திரி, தென்காசிப் பக்கம் என்றால் அங்குள்ள அரசுத் தலைமை மருத்துவமனை. சாதாரணக் குறுக்குவலிக்கு உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதலில் காட்டலாம். படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். கிராமச் செவிலியரிடம் பெயரைப் பதிந்து வையுங்கள். யாரிடம் போனாலும் சத்தத்தைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள், வலி எப்போது வருகிறது, எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் குறைகிறது, காலுக்கு இறங்குகிறதா என்பதை விவரமாகச் சொல்லுங்கள். பழைய ஸ்கேன், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.